போடிமெட்டுச் சிலுவைக்கல்லும் என் அவசரமும்

மனைவி ஸ்டெல்லா புற்றுநோயில் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வலியில் அவள் கேட்ட கேள்விகளுக்கு நான் வாசித்துக் காட்டிய வசனம் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் பிறகு நான் ஜெபம் பண்ணவில்லை. சர்ச்சுக்குப் போவேன், பின்வரிசையில் உட்கார்ந்து மின்விசிறிகளை எண்ணிவிட்டு வருவேன்.

இதைப் பார்க்கச் சகிக்காத நண்பர் செல்வின் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினார். பாசி படர்ந்த பாறை, அதில் ஒரு சாண் உயரச் சிலுவை. போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் இருக்கிறதாம், பழங்காலத்துச் சாட்சியாம். காயத்தில் விரலை விட்டால்தான் நம்புவேன் என்ற சீடனின் கட்சி நான். கல்வெட்டு பார்க்கும் கிறுக்கும் உண்டு. கல் உண்மையானால் மறுபடி ஜெபிப்பது, பொய்யானால் அதை அடியோடு விட்டுவிடுவது என்று ஆண்டவரோடு ஒப்பந்தம் போட்டேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மதுரையில் பஸ் ஏறி எட்டு மணிக்குப் போடியில் இறங்கினேன். இட்லி, இரண்டு காபி. என்னைப் போன்ற சர்க்கரை நோய்க்காரர்கள் மலையேறும் முன் இரண்டாவது காபி குடிக்கக் கூடாது, இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஜீப்புக்குப் போகவர இரண்டாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் கதிரேசன்.

மெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினோராவது வளைவில் ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இங்க நிறுத்துனா பின்னால வர்ற லோடு வண்டி நம்ம மேலதாண்ணே நிக்கும். மெட்டுல போய்க்கிரலாம்" என்றார்.

மெட்டில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அடுத்த ஆறு கிலோமீட்டர் தோட்டத்துப் பாதைக்கு நாற்பது நிமிடம். அந்தக் குலுக்கலை விவரிக்க மாட்டேன். ஜீப் நின்றதும் பாதையோரப் பாறைக்குப் பின்னால் ஓடி, ஜிப்பில் கை வைத்து நிமிர்ந்தேன். கண்ணுக்கு நேரே சிலுவை.

கை தானாக நின்றது. "மன்னிச்சிரும் ஆண்டவரே" என்று வாயும் சொல்லிவிட்டது. பதினான்கு மாதத்தில் அவரிடம் நான் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை அதுதான். சரிவில் தூரமாக இறங்கி அவசரத்தை முடித்துவிட்டு, பூதக்கண்ணாடியும் பிரஷுமாகத் திரும்பி வந்தேன்.

பாறையடியில் ஓர் ஊற்று. அதில் குடம் நிறைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். மலையடியில் உள்ள சிலமலை ஊர்க்காரர், ஏலக்காய் பறிக்க வருபவர். நான் பாசியைத் தேய்க்கத் தேய்க்க, சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பிறை வந்தது, அதற்குப் பக்கத்தில் சூலம். போட்டோ எடுத்தவர் சிலுவைமேல் இருந்த பாசியை மட்டும் சுரண்டியிருக்கிறார். இது எந்த நூற்றாண்டு என்று நான் வாய்விட்டே யோசித்தேன்.

பதினோரு வருசம் ஆச்சு என்றார் பேச்சியம்மாள். கீழே தேவாரம் ஊரிலிருந்து அம்மி கொத்துகிறவரைக் கூட்டிவந்து கொத்த வைத்ததே அவர்தான்.

"பாறைக்குப் பின்னாடி எல்லாரும் ஒதுங்குவாகய்யா. அது ஊத்துல எறங்கிருச்சு. எம்மக அந்தத் தண்ணியக் குடிச்சா. வயித்தால போயி, ஜீப்பு அத்தன வளைவும் எறங்குறதுக்குள்ள மடியிலயே போயிட்டா. போர்டு வச்சாக, ஒருத்தனும் கேக்கல. அதான் மூணையும் கொத்தச் சொன்னேன். எந்தச் சாமி ஆளு வந்தாலும் நிக்கணும்ல?"

பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தேன். சாமி மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"கோவந்தான். அதான் காவலுக்கு நிறுத்திருக்கேன். எம்மகளத்தான் பாக்கல, மத்த பிள்ளைகளையாச்சும் பாக்கட்டும்."

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன், குளிர்ச்சியாக இருந்தது. ஸ்டெல்லாவைப் பற்றி அவரிடம் சொன்னேன், அழுகையும் வந்தது.

திரும்பும்போது ஒன்பதாம் வளைவில் ஆரம்பித்துப் போடி வரை ஆண்டவரைத் திட்டித் தீர்த்தேன். கதிரேசன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து மெதுவாக ஓட்டினார். வேதாகமத்தில் எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவரும் இதைத்தான் செய்தார். அதை ஜெபம் இல்லை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. கல்லின் வயது பதினொன்று என்று செல்வினுக்குச் செய்தி அனுப்பினேன். பாவம், அவர் இன்னும் பதில் போடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுத் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாறைக்குப் பின்னால் மட்டும் ஒதுங்காதீர்கள், அங்கே மூன்று பேர் காவலுக்கு நிற்கிறார்கள்.