சுருள்முடிச் சிலந்தியின் பழைய லேபிள்

என் மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஒன்பது வருஷமாக ஒரு பெண் டாரன்டுலா இருக்கிறது. உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் சுருள்முடி. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் புரூஃப் பார்ப்பது என் வேலை. அதனால் பெட்டிக்கும் நானே ஒரு லேபிள் அச்சடித்து ஒட்டியிருந்தேன். பிராக்கிபெல்மா என்று தொடங்கும் அறிவியல் பெயர். அது உரித்துப் போட்ட தோல்களைத் தேதி எழுதிக் கவர்களில் வைத்திருக்கிறேன்.

சாத்தூரில் நர்ஸாக இருக்கும் ஒருவரும் டாரன்டுலா வளர்க்கிறார். பொங்கல் கழிந்து போன் செய்தார்.

"அண்ணே, என் ஆண் கடைசித் தோலை உரிச்சிட்டான். இனி ரொம்ப நாள் இருக்க மாட்டான். உங்க பெண்ணோட சேத்துப் பாப்பமா?"

அதன் அறிவியல் பெயரைக் கேட்டேன். டிலில்டோகாட்ல் என்று தொடங்கும் ஒரு பெயரைச் சொன்னார். முடியாது என்றேன். இரண்டு இனங்களைக் கலப்பது டாரன்டுலா வளர்க்கும் எங்களில் யாரும் செய்யக் கூடாதது. லேபிளில் முதல் சொல்லே வேறென்றால் சரக்கும் வேறு என்று என் வேலை என்னைப் பழக்கியிருந்தது.

மூன்று மாதம் கழித்து, வேறெதற்கோ ஆய்வாளர்களின் பெயர்ப்பட்டியலைத் திறந்தேன். என் சிலந்தியின் பெயர் அதில் இல்லை. பழைய பேரினத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு டிலில்டோகாட்ல் என்று பெயர் வைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. என்னுடையதும் அந்தப் பகுதியில்தான்; நர்ஸ் சொன்ன முழுப் பெயரேதான் இப்போது அதற்கும். இனம் பிரிக்க அவர்கள் பார்ப்பவற்றில் ஒன்று, பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேமிக்கும் சிறு பை. தோல் உரியும்போது அதன் உள்ளுறையும் கூடவே வந்துவிடுமாம். ஒரு கவரைப் பிரித்து, தோலை ஊறவைத்து, லென்ஸில் பார்த்தேன். கடுகைவிடச் சிறிதாக, அவர்கள் வரைந்து காட்டிய அதே வடிவில், கலையாமல் இருந்தது. இத்தனை வருஷம் அது என் இழுப்பறையில் கிடந்திருக்கிறது.

உடனே நர்ஸுக்குப் போன் செய்தேன். "உயிரோட இருக்கானாம்மா?"

"இருக்கான். ஒரு கால் போயிருச்சு. ஏன், இப்ப பேரு ஒத்துப்போச்சாக்கும்?"

"ரெண்டும் ஒண்ணுதான். நான் பழைய லேபிளை நம்பிட்டேன்."

"நீங்கள்லாம் புரூஃப் பாக்குறீக. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கொண்டாரேன்."

கொண்டுவந்தார். ஏழு காலால் ஆண் மெல்ல உள்ளே நடந்தது. பெண் பாய்ந்தால் விலக்க, தூரிகையோடு நின்றேன். பெண் பின்னிய வலையின் ஓரத்தில் நின்று, வாயோரக் குட்டைக் கால்களால் ஆண் தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது.

பெண் அசையவில்லை. பிறகு, மண்ணில் தோண்டிய வளைக்குள்ளிருந்து முன்கால்களால் பதிலுக்குத் தட்டியது. மேசைப் பலகை வழியாக அந்த அதிர்வு என் மணிக்கட்டுவரை வந்தது.

"சம்மதம்ங்கிறா. தெரியுதாண்ணே?" என்றார் நர்ஸ், மெதுவாக.

தலையை மட்டும் அசைத்தேன்.