பை நிறையச் செருப்பு

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள், மெட்ராஸிலிருந்து வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் ஒருத்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெயிலில் கறுத்த முகம், ஒரு கையில் மாவுக்கட்டு. மடியில் பை நிறையச் செருப்பு. பஸ் நிற்கும்போதெல்லாம் மரக்கிளை ஆடுகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, கோயில் வாசல்ல அள்ளினியா?” என்றேன்.

அசதியாகச் சிரித்தார். “எல்லாம் கூட்டாளிங்க செருப்பு, யக்கா. பாய்மரப் படகுல பந்தயத்துக்குப் போறாங்க. நடுக்கடல்ல பத்துப் பதினஞ்சு நாளு. இப்பத்தான் ஹார்பர்ல கயித்த அவுத்து வுட்டுட்டு வரேன். படகுல செருப்போட ஏறக் கூடாது. கரையில நிக்கிறவன் வாங்கி வெச்சிக்கணும்.”

“நீ போவலியா?”

“கை ஒடைஞ்சிடுச்சே. மூணு வருசமா இதுக்குத்தான் பழகினேன். அவங்களுக்காச்சும் காத்து நல்லா அடிக்கட்டும்.”

ஸ்ரீபெரும்புதூரில் இறங்க எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன், வெறுங்கால்.

“உன் செருப்பு எங்க?”

“அதுவும் உள்ளதான் கீது. அவங்க கழட்டும்போது நானும் கழட்டிட்டேன்.”

“எடுத்து மாட்டிக்கினு போயேன். தார் ரோடு கொதிக்குது.”

“போட்டுக்கணும்” என்றார். போடவில்லை. பையை அணைத்தபடி இறங்கி நடந்தார். எதுவரைக்கும் அப்படியே போனாரோ, எனக்குத் தெரியாது.