மஞ்சள் கோடு போட்ட தெரு

எங்கள் தெருவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தது என் வீட்டுக்காரர்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டது என் மெஸ்.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிய புதிதில் நானும் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஷிப்ட் முழுக்க நின்றபடியே ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. பாத்ரூம் போவதற்கும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். ஒருநாள், போதுமடா சாமி என்று வந்துவிட்டேன். கார் நிறுத்தக் கட்டிய போர்ட்டிகோவில் நான்கு மேசை போட்டுச் சோறு போட ஆரம்பித்தேன். எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துச் சமையல் என்றதும் கம்பெனிகளில் வேலை பார்க்கிற தென்மாவட்டத்துப் பையன்கள் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். இன்றைக்குப் புளிக்குழம்பா, கூட்டாஞ்சோறா என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு பண்ணுகிற சந்தோஷம் இருக்கிறதே, அது எனக்குத் தலைக்கேறிவிட்டது.

அந்தக் கிறுக்கில் அடுத்த வீட்டு அக்காவை நான் கவனிக்கவில்லை. உள்ளூர்க்காரர். ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் படித்து, சிவப்பாக ஒரு கார் வாங்கியிருந்தார். காலை ஷிப்ட் முடிந்து பையன்கள் சாப்பிட வரும் நேரத்தில் அவர் கேட் முன்னால் பைக் மேல் பைக் நிற்கும். அவர் உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடிப்பார்.

"இந்தா வாரேன் ஆச்சி, கையக் கழுவிட்டு வந்திருதேன்" என்று ஒருவன் சோற்றுக் கையோடு குரல் கொடுத்தான்.

"யாருக்குடா நான் ஆச்சி? வண்டிய எட்றா" என்று அவர் இறங்கி வந்துவிட்டார்.

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "காரை எடுத்துட்டு எந்த ஆபீசுக்குக்கா போகப் போறீங்க, பத்து நிமிசம் பொறுத்தா என்ன" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். மறுவாரமே பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு போய்விட்டது. குடியிருப்பு மனையில் வியாபாரம், வாகன இடைஞ்சல் என்று. திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வருவார், விதிமீறல் என்றால் மெஸ்ஸுக்குச் சீல் என்று நோட்டீஸ் வந்தது. திரும்பவும் ஸ்க்ரூ முடுக்கப் போக என்னால் ஆகாது.

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நோட்டீஸைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஏட்டி, இது ஆடிட்டு. பயப்படாத, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கம்பெனியில் ஆடிட் என்று சோதனை பண்ண ஆள் வருகிறார்கள் என்றால் முதல் வேலை தரையில் மஞ்சள் கோடு போடுவதுதானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்களைத் திரட்டிக்கொண்டு டேப்பும் ரோலருமாக இறங்கிவிட்டார். நடக்க ஒரு பாதை, பைக்குக்குக் கட்டம், கட்டத்துக்கு நம்பர், போக அம்பு, வர அம்பு. அக்கா கேட் முன்னால் மட்டும் சாய்கோடாகப் போட்டு, இங்கே நிறுத்தாதீர் என்று எழுதினார்கள். உற்சாகம் மிஞ்சிப்போய்த் தண்ணீர் டிரம்முக்கு ஒரு கட்டம் போட்டு, டிரம் என்று எழுதினார்கள். தெருநாய் படுக்கிற இடத்தில் ஒரு கட்டம், நாய் என்று. அது ஈரப் பெயிண்டை மிதித்துத் தெரு முழுக்க மஞ்சள் கால் வைத்துக்கொண்டு போனது. நாளைக்குக் கடை இருக்குமா என்ற பயத்தையும் மீறி எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் அதையும் ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தேன்.

திங்கட்கிழமை பயத்தில் நான் உலையே வைக்கவில்லை. அதிகாரி ஜீப்பிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது, மெஸ்னு சொன்னாங்க. பார்க்கிங் ஸ்டாண்டும் நடத்துறீங்களா?"

"இல்ல சார், எல்லாம் ஸ்டாண்டர்டுபடி போட்டிருக்கு. டிரம்முக்குக்கூட இடம் குறிச்சாச்சு" என்றார் என் மனுஷன், பெருமையாக.

"இந்த ரோடு யாருது?"

என் வீட்டுக்காரர் குனிந்து ரோட்டைப் பார்த்தார். கம்பெனிக்குள் தரை யாருடையது என்று இதுவரை ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை. நான் மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ஒரு குற்றத்தோடு போக வேண்டியதை இரண்டாக்கிக் கொடுத்துவிட்டாரே.

அதிகாரி நல்லவிதமாகத்தான் சொன்னார். வீட்டிலேயே சின்னதாகச் சமைத்துப் போடுவதற்கு அனுமதி தர யோசிக்கலாம். ஆனால் பைக் எல்லாம் எங்கள் மனைக்குள் நிற்க வேண்டும், தெருக் கோட்டை அழிக்க வேண்டும், அதோடு பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். எல்லாரும் தன் கேட்டருகில் நின்ற அக்காவைப் பார்த்தோம்.

அவர் சாய்கோட்டைப் பார்த்தார். அதன்மேல் ஒரு சைக்கிள்கூட இல்லை. உள்ளே போய்க் காரைக் கிளப்பினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த பையன்களுக்குக் கை சும்மா இருக்குமா. கன்டெய்னர் லாரிக்கு வழிகாட்டுவது மாதிரி இரண்டு பக்கமும் நின்று, "வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடிங்க, போதும்" என்று அதிகாரியையும் ஜீப்பையும் சேர்த்து ஓரங்கட்டினார்கள். சிவப்புக் கார் கேட்டைத் தாண்டி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"ஒரு மாசமா இத்த வெளிய எடுக்க முடியாம வூட்லயே குந்திகினு கீறேன் சார். இன்னிக்குதான் எட்த்தேன். இதப் போயி அழின்றியே, இன்னா ஞாயம்?"

"அம்மா, மனு குடுத்ததே நீங்கதானே."

"ஆமா, குட்த்தேன். யாரு இல்லன்னா?" என்றவர், கார் பானெட்டின் மேல் தாளை வைத்து ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோட்டை அழிக்கத்தான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் பைக்குக்கு இடம் ஒதுக்கி, அங்கே கோடு போடலாம் என்று அதிகாரியே சொன்னதும் என் வீட்டுக்காரர் அப்போதே டேப்பைத் தேடி ஓடினார். மெஸ் இருக்கிறது, மெஸ் இருக்கிறது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டே இருந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்து எதிரில் நின்றார். "இன்னா, ஒரு மாதிரி கீற? காலைல துன்னியா?"

இல்லை என்றேன். எழுந்து வரச் சொல்லித் தன் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார வைத்து, சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். ஊருக்கே சோறு போட ஆரம்பித்த நாளிலிருந்து, நான் உட்கார்ந்திருக்க இன்னொருத்தர் பரிமாறியது அன்றைக்குத்தான். நானும் அவருக்கு ஒருநாள்கூட ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பியதில்லை.

குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்லாமல், இன்னொரு கரண்டி ஊற்றுங்கக்கா என்று தட்டை நீட்டினேன்.