கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாதம்

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் வாதம் செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே நாங்கள் ஜெபத்திலேயே வாதம் செய்வோம். கண்ணை மூடித் தலையைக் குனிந்து, ஆண்டவரிடம் பேசுவதுபோல எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒரு பிடி பிடிக்கலாம். அவர் குறுக்கே பேச முடியாது. தன் முறை வரும்வரை காத்திருந்து, அவரும் ஆண்டவர் வழியாகத்தான் பதில் அனுப்ப வேண்டும். யாருக்கு ‘ஆமென்’ பலமாக விழுகிறதோ அவர் ஜெயித்தார்.

எனக்கு விழுந்ததே இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் மெல்போர்னில். ஆயர் ஈத்தாம் வட்டாரத்துப் பிளாட்டில் நானும் ஒரு மேசை விசிறியும்தான். நான் எது சொன்னாலும் அது இல்லை இல்லை என்று தலையாட்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வீடு வீடாக முறை வைத்து நடப்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை என் வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதைப் பார்ப்பதற்காகவே அந்த வாரம் முழுக்க வீட்டைக் கூட்டுவேன்.

கூட்டத்தில் ஓர் அக்கா. ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி, என் மனைவியின் உயிர்த்தோழி. ஒருநாள் தேநீர் நேரத்தில், மருந்தைப் பாதியில் நிறுத்திய ஒருவரைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். “பாதியில விட்டா பொழைச்ச கிருமி அந்த மருந்துக்கே பயப்படாதுலா. அதோட புள்ளைங்களும் பயப்படாது!”

நான் மாக் மண்டினில் டின் மீன் தொழிற்சாலையில் கிருமிச் சோதனை பார்த்தவன். விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்வேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன் என்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

“அக்கா, இதுக்குப் பேருதான் பரிணாமம். நீங்களே பிரசங்கம் பண்ணிட்டீங்க” என்றேன்.

“கிருமி கடைசி வரைக்கும் கிருமிதான் தம்பி. எந்தக் கிருமியாவது கோழியாச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். “கொஞ்சம் டைம் குடுங்கக்கா. உங்களுக்கு எல்லாமே ஆறு நாள்ல முடிஞ்சாகணும்” என்றேன்.

அடுத்த வெள்ளி அக்கா ஜெபித்தார். “ஆண்டவரே, இங்க ஒரு சகோதரர் தன்னைக் கொரங்கு வம்சம்னு சொல்லிக்கிறாரு. அவரு கண்ணைத் தொறந்தருளும்.” ஆமென் கீழ் மாடிவரை கேட்டிருக்கும்.

என் முறை. “ஆண்டவரே, மண்ணெடுத்து மனுசனைச் செய்ய நீர் எவ்வளவு காலம் எடுத்துக்கிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. உம்மை அவசரப்படுத்துறவங்களை மன்னியும்.” ஒரே ஒரு ஆமென் விழுந்தது. என்னுடையது.

அதற்கடுத்த வாரம் அக்காவின் குரலில் கிண்டல் இல்லை. “ஆண்டவரே, பாவத்தாலதான் சாவு வந்துச்சுன்னு நம்புறோம். இவரு சொல்றபடி பாத்தா, சாவு ஆரம்பத்துலேர்ந்தே உம்ம கையில இருந்த கருவி. அப்ப இவரு சம்சாரத்தை எடுத்ததும் அதே கருவியாலதானா? இவருகிட்டயே கேளும்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. என் முறைக்காகக் காத்திருந்தார்கள். வேடிக்கையாக ஏதாவது வருமா என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது என் வீட்டு முறை. மீகூன் நூடுல்ஸ் பிரட்டி இறக்கிவைத்த பிறகு கூட்டத் தலைவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “பிரதர், இந்த வாரம் வேறு வீட்டில் கூடுகிறோம். உங்கள் மனசு ஆறட்டும்.” என் மனசுக்கு ஒன்றுமில்லை. ஒரு சட்டி மீகூன்தான் ஆறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அக்கா மட்டும் நின்றார்.

“மத்தவங்க?”

“அங்க போயிட்டாங்க. நான் வரலன்னுட்டேன்.” போட்டுவைத்த நாற்காலிகளைப் பார்த்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். “கோவமா தம்பி?”

“இல்லக்கா. பதில் தெரியல. அதான்.”

“நான் உன்னை மடக்கக் கேக்கல. பயந்துபோய்க் கேட்டேன். சாவு சும்மா இயற்கைதான்னு ஆயிட்டா, அப்புறம் நான் அவளை எங்க போய்ப் பாக்குறது?”

அவளை இழந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“கிருமி விஷயத்துல நான் எறங்கி வரமாட்டேன்க்கா, அது எனக்குத் தெரியும். அவளைப் பாப்பேனாங்கிறது தெரியாது. நம்புறேன். ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் இந்த வீட்டுல கெடக்குறேன்.”

“ரெண்டும் முட்டிக்கலையா?”

“முட்டிக்கிட்டேதான் இருக்கு. முட்டட்டும். வேற யாரு இருக்கா இங்க சத்தம் போட?”

அக்கா கண்ணை மூடினார். நானும் மூடிக்கொண்டு அடுத்த அடிக்குத் தயாரானேன். “ஆண்டவரே, அவளைப் பாக்கணும்” என்றார். அவ்வளவுதான். நான் ஆமென் சொன்னேன். அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவில் அது மிகச் சிறிதாகக் கேட்டது.

சாப்பிட்டோம். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தேன்.

“எனக்கு மறுபடி முறை குடுப்பாங்களாக்கா?”

“கேட்டுப் பாக்குறேன். நீ வாயை மூடிக்கிட்டு இருப்பியா?”

“மாட்டேன்க்கா.”

“அப்ப கஷ்டம்லா.”

இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்போம். எப்போதும் காக்கவைக்கும் பஸ் அன்றைக்கென்று உடனே வந்துவிட்டது.