திராட்சைத் தோட்டத்தில் மூட்டை சுமந்தவன்

ஊரடங்கு முழுதாக விலகிய ஆண்டின் ஆடி மாதத்தில், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாங்கள் பிளாஸ்டிக் தட்டு எறியும் ஆட்டத்தைத் தொடங்கினோம். கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. தூரத்திலிருந்து தட்டை வீசி அதில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவனுக்கு வெற்றி. எங்களில் ஒருவர் ஆவடியில் ஃபிட்டர். சைக்கிள் ரிம்மையும் பழைய சங்கிலியையும் வெல்டிங் செய்து கூடைகளை உண்டாக்கியவர் அவர்தான். அந்த உரிமையில் தலைவரும் ஆனார். மற்றவர்கள் அம்பத்தூர் கூரியர் அலுவலகத்துக்காரர், நான், சேக்காட்டு இளைஞன் ஒருவன்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சுற்றில் கடைசியாக வருபவன் அடுத்த சுற்று முழுவதும் எல்லோருடைய பைகளையும் சுமக்க வேண்டும். அவனுக்குப் பெயர் கழுதை. பெரும்பாலான ஞாயிறுகளில் அது சேக்காட்டுக்காரன்தான்.

ஓசூர் தாண்டி ஓர் ஒயின் ஆலை, தன் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே இந்த ஆட்டத்துக்குக் கூடைகள் நட்டிருந்தது. ஃபிட்டர் ஏற்கெனவே ஒருமுறை போய் ஆடிவிட்டு வந்திருந்தார். நால்வரும் சேர்ந்து போனது மாசியில், சிவராத்திரி கழிந்து வந்த முதல் சனிக்கிழமை. சேக்காட்டுக்காரனுக்குத் தையில்தான் கல்யாணமாகியிருந்தது. மாங்காட்டுப் பெண். அவளையும் அழைத்து வந்திருந்தான். பருத்திப்பட்டில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான் என்பது வண்டியில் அவள் பேச்சிலிருந்தே தெரிந்தது.

வாலாஜாவில் டீக்கு நிறுத்தினோம். அவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் அவன் ஃபிட்டரிடம் வந்தான்.

"அண்ணாத்தே, இன்னிக்கி ஒரு நாளு அந்த மூட்ட மேட்டரு வேணாமே. ஊட்ல வந்துகீது."

"ஊட்டம்மா வந்தா ரூலு மாறிடுமா மாமே?"

"கெஞ்சிக் கேக்குறேண்ணா."

"சரி, வுடு. நான் பாத்துக்கறேன்."

அவன் நிம்மதியாக மனைவியைத் தேடிப் போனான். ஃபிட்டர் எங்கள் பக்கம் குனிந்தார். "அங்க காத்தே கெடையாது. தாழ்வா, நேரா வுடுங்க. அவனாண்ட மூச்சு வுடாதீங்க."

காற்றைப் பற்றி அவர் சொன்னதன் பொருள் எங்களுக்கு உடனே விளங்கியது. ஏரிக்கரையில் எல்லோரும் ஒரே வீச்சைத்தான் கற்றிருந்தோம். தட்டைச் சாய்த்து, தண்ணீர்ப் பக்கமாக உயரத்தில் விட்டால் ஏரிக்காற்று அதை வளைத்துக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு சேக்காட்டுக்காரன் வேலை முடிந்த மாலைகளில் தனியாக வந்து அதையே பழகிக்கொண்டிருந்தான். உண்மையிலேயே அழகாக வீசவும் செய்தான்.

தோட்டத்தில் இலைகூட அசையவில்லை. இரு பக்கமும் வலை போர்த்திய கொடி வரிசைகள். வரிசைக்குள் தட்டு போனால் ஒரு வீச்சு தண்டம். அவன் முதல் தட்டைச் சாய்த்து உயர விட்டான். அது திரும்பவில்லை. வலையைக் கிழித்துக்கொண்டு பழுத்த குலைகளுக்குள் விழுந்தது. தோட்டக்காவலர் கன்னடத்தில் கத்தினார். அடுத்ததும் அப்படியே போனது. காற்று இப்போது வரும், இப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வீசினான்.

"இன்னா நைனா, அறுவடைக்கு வந்தியா?" என்றார் கூரியர்காரர்.

காலைச் சுற்று முடிந்தது. யார் கடைசி என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் ஃபிட்டர் தன் பையைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்தார். அடுத்து கூரியர்காரர் வைத்தார். நானும் வைத்தேன். அவன் ஃபிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாத்துக்குண்ணா எல்லா பையும் இவராண்ட?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"நம்ம ரூலும்மா. தோத்தவன் கய்த. ஏரியாண்ட வாராவாரம் இவன்தான் தூக்குவான்" என்றார் ஃபிட்டர்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவள் கோபித்துக்கொண்டு போய் வண்டியில் உட்காருவாள், எங்களை நாலு வார்த்தை கேட்பாள் என்றே நான் எதிர்பார்த்தேன்.

"வாராவாரமா?" என்றாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஊட்ல தண்ணி கேன தூக்குங்கன்னா முதுகு புடிச்சிக்கிச்சின்னு படுத்துக்குவாருண்ணா." தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். "இந்தாங்க, இத்தையும் சேத்துக்கோங்க."

ஃபிட்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். வெயிலில் நின்ற காவலருக்குக்கூட விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது. சேக்காட்டுக்காரன் எங்கள் பைகளை இரண்டு தோள்களிலும் ஏற்றிக்கொண்டான். அவளுடைய பையை மட்டும் கழுத்திலிருந்து எடுத்து, செம்மண் படாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

பிற்பகல் சுற்றில் தன் முறை வந்தபோதெல்லாம், "நீங்க ஆடுங்கண்ணா" என்று ஒதுங்கி நின்றான். அவன் தட்டை அவள் வாங்கி வீசினாள்.