செவலைக்குப் போகாத தாது உப்பு

இண்டூர்ப் பக்கம் தீர்த்தம்மாளைச் செவலை மாட்டுக்காரி என்றால்தான் தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும்தான் அவள் பிழைப்பு. தாயில்லாத கன்றாகக் கிடந்த செவலையைப் புட்டிப்பால் கொடுத்து ஆளாக்கினவள். அதுகூடப் பெரிதில்லை. புருஷன் நஞ்சப்பனோடு இத்தனை காலம் குப்பை கொட்டினாளே, அதுதான் பெரிய காரியம். மனுஷனிடம் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் அதைக் கொண்டுபோய் வேண்டாத இடத்தில் மாட்டிவிடுவார், அவ்வளவுதான்.

போன மாதம் அவருடைய தொப்பைக்காகத் தர்மபுரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"எண்ணெப் பலகாரத்தக் கொறைங்க. கேவுரு களி, மோரு நெறைய எடுத்துக்கங்க. அதுல இருக்கற கால்சியம், நாம திங்கற கொழுப்புல கொஞ்சத்தக் குடல்லயே புடிச்சு வெளிய தள்ளிரும். சில பேருக்குப் பசியும் கொஞ்சம் அடங்கும். அதுக்காக அதையே நம்பிக்கிட்டு வடையத் திங்காதீங்க."

நஞ்சப்பனுக்குத் தெரிந்த கொழுப்பு ஒன்றே ஒன்று. காலையில் பால் சொசைட்டி மிஷின் காட்டுகிற கொழுப்பு. அது ஒரு புள்ளி இறங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. செவலை அப்போதுதான் கன்று போட்டிருந்தது. அதன் தீவனத்தில் கலக்கிற தாது உப்புப் பையில் கால்சியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விடுவாரா? பாலில் இருக்கிற கொழுப்பையும் அது தள்ளிவிடும் என்று தானே முடிவு கட்டி, தாது உப்பை நிறுத்திவிட்டார். தீவனம் கலக்குவது அவர் வேலை என்பதால் தீர்த்தம்மாளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வாரமே செவலை தீவனத்தில் வாய் வைக்கவில்லை. மறுநாள் விடியற்காலை கொட்டாயில் படுத்தது படுத்தபடி, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தீர்த்தம்மாள் அதன் தலையைக் கட்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளை கிடக்கிற மாதிரி அழுதாள்.

மாட்டு டாக்டர் வந்ததும் ஊசியைக் கழுத்து நரம்பில் குத்தி மருந்தை மெதுவாக ஏற்றினார்.

"பால் காய்ச்சலும்மா. ஒடம்புல இருந்த கால்சியம் பூரா பாலாப் போயிருச்சு. தாது உப்பு போடறீங்கல்ல?"

"தவறாமப் போடறமுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தீர்த்தம்மாள் திரும்பினாள். நஞ்சப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"ஏங்க, அந்தப் பை எங்க?"

"வீணாப் போவக் கூடாதேன்னு..." மனுஷன் மென்று விழுங்கினார். "நாந்தான் தெனமும் மோருல ஒரு கரண்டி போட்டுக் குடிச்சேன். வடை திங்கறமில்ல, அதுக்கு."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அது மாட்டுக்குண்டானதுய்யா! மனுசன் குடிக்கறதா? மொதல்ல போயி ஒடம்பக் காட்டு. இன்னும் கொஞ்சம் லேட்டாக் கூப்புட்டிருந்தா மாடு போயிருக்கும்."

மருந்துப் பாட்டில் முடிகிற நேரத்தில் செவலையின் உடம்பு நடுங்கியது. சாணி போட்டது. பின்னங்காலை ஊன்றித் தடுமாறி எழுந்து, நேரே தொட்டியில் தலையை விட்டது. தீர்த்தம்மாள் அதன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தின்னு ஆத்தா, தின்னு" என்று அதைத் தடவிக்கொடுத்தாள்.

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தபடி பக்கத்தில் வந்து நின்றார். "அதெப்படி? கால்சியம் ஏத்துனாப் பசி அடங்கோணுமில்ல? இது இந்தத் தீனி திங்குது..."

தீர்த்தம்மாள் நிமிர்ந்தாள்.

"இது வாயில்லாத சீவன். சாவக் கெடந்தும் உங்க மேல ஒரு வார்த்த சொல்லல. வாயிருக்கற நீங்க இன்னிக்கு ஒரு நாளு பேசாம இருங்க, சாமி."