இடப்பக்கம் உட்கார்ந்தவள்

கிள்ளானில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியை வழக்கம்போல இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. வலது காதுக்கு மாற்றினால் முதலாளி கத்திக்கொண்டிருக்கிறார்.

இடது காதுக்குள் ஓயாத இரைச்சல் மட்டும்தான். அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்த்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. வேலையிடத்தில் காது மந்தமான ஒரு லோரி டிரைவரை எல்லாரும் கேலி செய்வோம்; அந்தச் சிரிப்பில் நானும் உண்டு. இப்போது எனக்கே என்று சொல்ல நா எழவில்லை. உதடுகளைப் பார்த்துத் தலையாட்டியே ஒப்பேற்றினேன்.

அந்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. மனைவியின் தங்கை சாலாக் செலாத்தானிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி வெகு நாள் கழித்துக் கர்ப்பமாகியிருந்தாள். என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். கடையில் ஒரே இரைச்சல். என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி தெரிந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா!" என்றேன்.

அவள் இலையை மூடாமலே எழுந்து கை கழுவப் போனாள். எதிரில் இருந்த மனைவி முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். "பிள்ள தங்கலன்னு சொல்றா. சந்தோஷம்னு சொல்றீங்க?"

அங்கேயே காதைப் பற்றி மனைவியிடம் சொன்னேன். யாரோ என் சட்டையைக் கழற்றி நிற்க வைத்ததுபோல் இருந்தது.

மறுநாள் மனைவி என்னைப் பெட்டாலிங் ஜெயாவில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அழுக்கு எதுவும் இல்லை. தட்டினால் அதிரும் உலோகக் கவை ஒன்றை நெற்றியில் வைத்தார். ஒலி வலது காதில் மட்டும் கேட்டது. உள்காது நரம்பில் கோளாறு என்றார். வைரஸ் கிருமியாக இருக்கலாம், ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். பெரும்பாலும் காரணம் தெரியவே தெரியாதாம்.

"காது திடீர்னு போனா அன்னிக்கே வரணும். ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

"வெட்கமா இருந்துச்சு டாக்டர்" என்றேன். அவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். நரம்பில் கட்டி இல்லையென்று ஸ்கேன் சொன்னது. பிறகு செவிப்பறை வழியாகவும் ஊசி போட்டார்கள். கேட்கும் திறன் பாதிதான் திரும்பியது. சீக்கிரம் வந்திருந்தாலும் உறுதியில்லை, ஆனால் வாய்ப்பு கூடியிருக்கும் என்றார் டாக்டர்.

மாத்திரை ஓடிக்கொண்டிருந்தபோதே கொழுந்தியா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றாள். "அன்னிக்கு அதை உங்ககிட்ட சொல்ல எவ்வளவு தைரியத்த சேர்த்துக்கிட்டு வந்தேன் தெரியுமா?"

பிறகு உள்ளே கூப்பிட்டு, எனக்குத் தேநீர் வைத்தாள். குழந்தையைப் பற்றி மட்டும் அவள் என்னிடம் திரும்பப் பேசவே இல்லை.